வெளியே ஒருவர் கேட்கிறார்

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சும் பாதியில் நின்றது. அந்த ஒரு பிளக்கோடு வீடு முழுக்கப் பாட்டும் நின்றுபோயிருந்தது. ஹாலில், சமையலறையில், மாடியில், எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் பக்கத்துப் பட்டறையில்.

"யாரது? உயிர் போற இடத்துல நிறுத்தினது யாரு?" பட்டறையிலிருந்து அப்பாவின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்லப்பா! ஒயர் லூஸா இருந்துச்சு!"

"லூஸா இருந்தா டைட் பண்ணு. மொத்தமா கழட்டவா சொன்னேன்?"

அவள் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக் குந்தியிருந்தாள். ஒரு பக்கம் பழைய செருப்புகள், இன்னொரு பக்கம் யாரும் தொடாத சூட்கேஸ், நடுவில் வீட்டுப் பாட்டெல்லாம் சேர்ந்திருந்த அந்தக் கம்ப்யூட்டர். பிளக் கையில் இருந்தது. படியில் இறங்கி வந்த சித்தப்பா நின்று குனிந்து பார்த்தார்.

"என்ன என்ஜினியரம்மா, செருப்புக்கு ஆபரேஷனா? முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"சும்மா ரீஸ்டார்ட் பண்றேன் சித்தப்பா."

"பண்ணு பண்ணு. உங்கப்பனையும் அப்படியே ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிடு. காலையிலேர்ந்து சூடா இருக்கார்."

அவர் போன பிறகு அவள் மடியில் கிடந்த தன் போனை மறுபடி பார்த்தாள். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் திறந்திருந்த பக்கம் அதில் அப்படியே உறைந்து நின்றது. யார், எங்கே, என்ன கேட்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும் பக்கம். பட்டறை. ஹால். சமையலறை. மாடி. அதற்குக் கீழே, இருக்கவே கூடாத ஐந்தாவது வரி: "அம்மா. வெளியே."

அம்மா வெளியே போகவில்லை. சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அப்படியென்றால் வேறு யாரோ ஒருவன், எங்கோ ஒரு இடத்தில், அம்மாவின் பெயரில் வீட்டுக்குள் நுழைந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டது பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. "தப்பு" ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தான்.

அது வெளியே போகக் கூடாத ஃபோல்டர்.

அப்பா கிளாரினெட் வாசிப்பவர். சின்னதாக ஒரு இசைக்குழுவும் நடத்துகிறார். மிச்ச நேரத்தில் ஊதுகிற வாத்தியங்களைப் பட்டறையில் பழுது பார்ப்பார். அவர் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகை தொடங்கியதிலிருந்து முடியும்வரை ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வாசிப்பு, இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், அப்பாவின் திட்டு, எல்லாம் பதிவாகும். எதையும் வெட்ட மாட்டார். தப்பு நடந்த ஒத்திகைகளை "தப்பு" என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு, மறுநாள் குழுவில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வார். "சரி" என்றும் ஒரு ஃபோல்டர் இருந்தது. ஒரு தடவை காபி குடித்து முடிப்பதற்குள் அதை முழுக்கக் கேட்டுவிடலாம்.

"தப்பு" ஃபோல்டரில் அப்பா குழுவில் ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. சொந்தத் தம்பியை, டிரம்ஸ் வாசிக்கிற சித்தப்பாவை, "பாத்திரக் கடையில பூனை புகுந்த மாதிரி இருக்கு" என்று திட்டியது அதில் இருந்தது. பாட வந்த பெண் அழுதது இருந்தது. அவளுடைய அண்ணனோடு நடந்த சண்டையும் இருந்தது. இதையெல்லாம் வெளி ஆள் ஒருவன் எடுத்து இணையத்தில் போட்டால் அப்பாவின் மானம் கப்பல் ஏறிவிடும். கதவைத் திறந்து வைத்தது யார்? அவள்தான். அவளேதான்.

வீட்டில் இருக்கிற எல்லாப் பதிவுகளையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து, எந்த அறையிலிருந்தும் கேட்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்கு எந்த மென்பொருள் தேவலை என்று பார்த்துச் சொல்லும் வேலை பதினாறு வயதான அவள் தலையில் விழுந்தது. அவள் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மூன்றின் பெயரும் யார் வாயிலும் நுழையாததால் சித்தப்பா அவற்றுக்குப் பெயர் சூட்டிவிட்டார்.

முதலாவது மாமியார். எதைப் போட்டாலும் குறை சொல்லும். இந்தப் பாட்டுக்குப் பெயர் இல்லை, அட்டைப் படம் இல்லை, பாடியவர் யாரென்று தெரியவில்லை. வெளியே இருந்தும் கேட்கலாம், ஆனால் பாட்டின் நடுவில் அவ்வப்போது லேசாகத் தயங்கி நிற்கும். யார் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொது இடத்தில் போட்டு உடைக்காது. இரண்டாவது சாமியார். எதுவும் கேட்காது, எதுவும் சொல்லாது, வீட்டு வாசலைத் தாண்டாது. வேனில் நிகழ்ச்சிக்குப் போகும்போது கேட்க முடியாது என்பதால் அப்பாவுக்கு அதன்மேல் அரை மனசுதான். மூன்றாவது போலீஸ்காரர். வெளியே இருந்தும் கேட்கலாம், எல்லா அறையிலும் ஒரே நொடியில் ஒரே சுரம் ஒலிக்கும், யார் எங்கே என்ன கேட்கிறார்கள் என்பதையும் பளிச்சென்று காட்டும். அப்பாவுக்கு அதைப் பார்த்த அன்றே பிடித்துப்போனது. "இது நம்ம வீட்டு ஆளு" என்றார். சமையலறைச் சுவரில் அதன் திரையை மாட்டுவதற்கு ஆணிகூட வாங்கி வைத்துவிட்டார். இன்றிரவு சாப்பாட்டின்போது அவள் முடிவு சொல்ல வேண்டும்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, உன் பாஸ்வேர்ட யாருக்காவது சொன்னியா?"

"எந்தப் பாஸ்வேர்ட்?"

"பாட்டுக்கு. நான் போட்டுக் குடுத்தேனே. யாரோ உன் பேர்ல உள்ள வந்துட்டாங்கம்மா. 'தப்பு' ஃபோல்டர கேக்கறாங்க. நான் பிளக்கப் பிடுங்கிட்டேன். இப்ப உன் பாஸ்வேர்ட மாத்தப் போறேன். அப்பாகிட்டயும் சொல்லியாகணும், இல்லன்னா…"

அம்மா கையில் இருந்த முட்டையை உடைக்காமல் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை அந்த வீட்டில் யாரும் சாத்தி அவள் பார்த்ததில்லை.

"மாத்தாத" என்றாள் அம்மா. "அது திருடன் இல்ல. உங்க அண்ணன்."

அவள் திருதிருவென்று விழித்தாள். அம்மாவுக்குப் பாட்டு என்றாலே தூக்கம் வந்துவிடும். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, பட்டறைச் சத்தத்துக்கு நடுவிலேயே நாற்காலியில் சாய்ந்து கண்ணசந்துவிடுவாள். அப்படிப்பட்டவள், "எனக்கும் தனியா ஒரு கணக்கு போட்டுக் குடு" என்று கேட்டபோது சித்தப்பா அரை மணி நேரம் சிரித்தார். இதற்காகத்தானா?

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"அதான் கதவச் சாத்தியிருக்கேன்."

அண்ணன் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். போன மழைக்காலத்தில் ஒரு நிகழ்ச்சியின் நடுவில் அப்பா மைக்கிலேயே, "கீபோர்டு தம்பி, முழிச்சிக்கோ" என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணன் பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தான், மேடையின் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கினான், அப்படியே போய்விட்டான். இப்போது வேறொரு ஊரில் பார்சல் கிடங்கில் வேலை. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பட்டறைப் பூட்டை மாற்றினார். குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து அவனைத் தூக்கினார். பிறகு எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார்: "இந்த வீட்டுப் பாட்டு இனிமே அவன் காதுல விழக்கூடாது. விழுந்துச்சுன்னு தெரிஞ்சா நான் கிளாரினெட்டத் தொட மாட்டேன்."

அப்பா சொன்னால் செய்வார். சிகரெட்டை விடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னார், பாக்கெட்டில் பாதி மிச்சம் இருக்கும்போதே விட்டார். அவர் கிளாரினெட்டைத் தொடாவிட்டால் குழு இல்லை, சித்தப்பாவுக்கு வேலை இல்லை, இந்த வீட்டில் அப்பா என்று ஒருவர் எப்படி இருப்பார் என்பதையே அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா தன் போனை எடுத்து வந்து அவள் கையில் திணித்தாள். "பேசு. பயப்படுவான், திடீர்னு நின்னு போச்சுன்னு."

முதல் மணியிலேயே எடுத்தான். "ம்மா, என்னாச்சு, கட் ஆயிடுச்சு?"

"அம்மா இல்ல. நான்."

பின்னால் எதையோ டேப் ஒட்டிக் கிழிக்கிற சத்தம். "ஏய் வாலு! நீயா கட் பண்ணே?"

"உன்னத் திருடன்னு நெனச்சிட்டேன். ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு தெரியுமா? நீ மனுஷனா?"

"சம்பளமில்லாத திருடன்." சிரித்தான். "நல்லா இருக்கியா? உன் முடிய இன்னும் அந்த மாதிரியேதான் வெட்டிக்கறியா, பூந்தொட்டிய கவுத்துன மாதிரி?"

"பேச்ச மாத்தாத. அவ்ளோ பாட்டு இருக்கு, ஏன் 'தப்பு' ஃபோல்டர்?"

"அந்த நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒத்திகை அதுல இருக்கு. நாலாவது பாட்டுல நான் லேட்டா நுழையறேன்னு அப்பா திட்டுவார் பாரு. அதக் கேக்கறேன்."

"எதுக்கு?"

"நான் நிஜமாவே லேட்டான்னு பாக்கறேன்."

"லேட்டா?"

"அதான் தெரியல. ஒரு நாள் கேட்டா நான் லேட் மாதிரி இருக்கு. இன்னொரு நாள் கேட்டா அவர் சீக்கிரம் மாதிரி இருக்கு." டேப் மறுபடி கிழிந்தது. "திட்டி முடிச்சதுக்கு அப்புறம் அவரே தனியா அந்த இடத்த வாசிச்சுக் காட்டுவார். ரெக்கார்டர் ஓடிட்டே இருக்கும்ல. அத இங்க ஸ்பீக்கர்ல போட்டா, ரூம்ல கூட இருக்கற பசங்க யாருடா இதுன்னு கேக்கறாங்க."

"என்ன சொன்னே?"

"எங்கப்பான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். இன்றிரவு அப்பா போலீஸ்காரரைத்தான் எடுக்கப் போகிறார் என்பதைச் சொன்னாள். திரை சுவரில் ஏறினால் அவன் பாட்டைத் தொட்ட நொடியே அப்பா கண்ணில் படும். சாமியாரைப் போட்டால் அவனால் கேட்கவே முடியாது. மிச்சம் இருப்பது மாமியார்.

"மாமியாரா? சுரத்துக்குச் சுரம் மூச்சு விட்டு நிக்குமே, அது அப்பாவுக்கு ஆகுமா?" அம்மா எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். "விடு வாலு. எனக்காக நீ மாட்டிக்காத. இன்னிலேர்ந்து நான் கேக்கல. அவ்ளோதான்."

அவன் சொன்னது சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி பிளக்கைச் சொருகி, போலீஸ்காரர் எழுந்ததும், அவள் முதலில் செய்தது அம்மாவின் கணக்கில் கேட்டவற்றின் பதிவை அழித்தது. "அழிக்கவா?" என்று கேட்டது. ஆம். "உறுதியா?" ஆம், ஆம். பக்கம் வெள்ளையாகிவிட்டது. பட்டறையில் கிளாரினெட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் அப்பா ரொட்டியை இரண்டாக மடித்து முட்டையில் தொட்டுக்கொண்டே கேட்டார். "சொல்லும்மா. தீர்ப்பு என்ன?"

"மாமியார்ப்பா."

சித்தப்பாவுக்குப் புரை ஏறியது. "கல்யாணம் ஆகாமலே மாமியார் வேணுமாம் பாரு!"

"காரணம் சொல்லு" என்றார் அப்பா.

அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். பதிவுகளைத் தேடுவது சுலபம். பழைய கம்ப்யூட்டருக்குப் பாரம் குறைவு. வேனிலும் கேட்கலாம். குறை சொன்னாலும் நல்லதுக்குத்தான் சொல்கிறது.

"அந்த இடைவெளி?"

"அது ரொம்பச் சின்னதுப்பா. கவனிச்சாத்தான் தெரியும்."

அப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவருடைய ரெக்கார்டர் நீளமான ஒத்திகையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் சேமிக்கும். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மாமியார் கண்சிமிட்டும் நேரம் சும்மா நிற்கும். பெரும்பாலும் அது ஒரு சுரத்தின் நடு வயிற்றில் வரும்.

"கவனிச்சாத்தான் தெரியுமா? என் வேலையே கவனிக்கறதுதானே? நான் வெட்டாம வச்ச பாட்ட வெட்டி வெட்டிக் கேக்கணுமா? நீயும்தானே கேட்டே? அன்னிக்கு நீதானே வந்து சொன்னே, 'அப்பா, இது விக்கல் எடுக்குது'ன்னு?"

அவள்தான் சொன்னாள்.

"காதுல ஏதாவது கோளாறா, இல்ல மனசுலயா?"

"விடுண்ணே" என்றார் சித்தப்பா. "போலீஸ் வந்தா நான் மாடியில என்ன கேக்கறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு எனக்காகப் பாக்குது பொண்ணு."

"நீ என்ன கேப்பே? சமையல் நிகழ்ச்சி. அது ஊருக்கே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் அவள் கை தண்ணீர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா எழுந்து கை கழுவினார். சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். சுவரில் ஏற்கெனவே பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். இரண்டு அடியில் ஆணி இறங்கியது. பட்டறைக்காரர் கை.

திரையை மாட்டுவதற்கு முன் அதை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "எங்க, நம்ம வீடு எப்படி இருக்குன்னு பாப்போம்." ஒரு விரலால் தள்ளினார். பட்டறை, ஹால், சமையலறை, மாடி. எல்லாம் பச்சை. வெளியே என்ற வரியே இல்லை. அண்ணன் சொன்னபடி நடந்துகொண்டான். அவள் மெல்ல மூச்சு விட்டாள்.

அப்பா விரலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார்.

அவள் அந்தப் பக்கத்தை இதுவரை பார்த்ததே இல்லை. "உங்கள் வீட்டில் அதிகம் கேட்கப்பட்டவை" என்று மேலே எழுதியிருந்தது. அவள் அழித்தது யார் கேட்டார்கள் என்பதைத்தான். ஒவ்வொரு பதிவும் எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கை அந்தப் பதிவோடேயே ஒட்டி வைத்திருந்தது போலீஸ்காரர். முதல் இடத்தில் படம் இல்லாத ஒரு சாம்பல் கட்டம். பாடியவர்: தெரியாதவர். ஃபோல்டர்: தப்பு. கீழே அந்த நிகழ்ச்சிக்கு முந்தின நாளின் தேதி.

"இத யாரு இத்தன தடவ கேட்டது?" என்றார் அப்பா.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் அவர் வாயில் இருந்த கிண்டல் செத்துப்போனது. "நான் இல்லண்ணே" என்றார், கிட்டத்தட்ட மரியாதையாக.

"நான்தான்" என்றாள் அம்மா.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீயா? கல்யாண வீட்டுல நான் எதிர்ல நின்னு வாசிக்கறப்பவே தூங்கினவ."

"ஏன், வயசானா ரசனை வரக்கூடாதா?"

"வரலாம்" என்றார் அப்பா. "வரலாம்." அந்தச் சாம்பல் கட்டத்தின்மேல் விரலை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அது ஒலித்திருக்கும்: அவருடைய திட்டு, அண்ணனின் "நான் லேட் இல்லப்பா", அதற்குப் பிறகு அவர் தனியாக வாசித்துக் காட்டிய அந்த இடம். விரலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. பூட்டுக்காரரைக் கூப்பிட்ட அன்றும் இருக்கவில்லை.

"இங்க வாம்மா. வெளிய இருந்து கேக்கற வசதி, வேனுக்காக என் கணக்குக்குத்தானே போடச் சொன்னேன். இதுல உங்கம்மா கணக்குக்கும் திறந்திருக்குன்னு காட்டுது."

"எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுட்டேன்ப்பா." அது பொய் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

"சரி." அவர் திரையை ஆணியில் மாட்டினார். கோணல் இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். கோணல் இல்லை. "நான் எதையும் தொடல. எப்படி மூடறதுன்னும் எனக்குத் தெரியாது. பாத்துப் பாத்து வச்சவ நீ. உங்கம்மா பேர்ல இருக்கறத மூடணுமா, அப்படியே விடணுமா? நீயே சொல்லு."

அம்மா டம்ளரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடணும் என்று சொன்னால் அண்ணனுக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சத்தமும் போய்விடும். விடணும் என்று சொன்னால் ஏன் என்பார், ஏனென்று சொன்ன நொடியில் அவர் சொன்ன சொல் அவர் முன்னால் வந்து நிற்கும், பட்டறையில் கிளாரினெட் பெட்டிக்குள் போய்விடும். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு, தன் வாயால் சொல்ல முடியாத பதிலை அவள் வாயால் வரவழைக்கிறாரா? இல்லை, நிஜமாகவே எதுவும் தெரியாமல் கேட்கிறாரா?